நோர்வேஜிய மொழியில் கமா எங்கே வரும், ஏன் அங்கே வருகிறது?

கேள்வி இதுதான்: "ஆங்கிலத்தில் தயக்கம் இல்லாமல் எழுதுவேன். ஆனால் நோர்வேஜிய மொழியில் எழுதினால், நான் போட்ட கமாவை ஆசிரியர் அடித்துவிடுகிறார், போடாத இடத்தில் சிவப்பு மையில் போட்டுத் தருகிறார். இதற்கு ஒழுங்கு ஏதாவது உண்டா, இல்லை பழகப் பழகத்தான் வருமா? ஆங்கிலம், ஜெர்மன், நம் தமிழ் இவற்றோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியுமா?"

ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதைவிடக் கறாரான ஒழுங்கு. நோர்வேஜிய மொழிக்கு பூக்மோல், நீநொஷ்க் என்று இரண்டு எழுத்து வடிவங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். சொற்களும் விகுதிகளும் இரண்டிலும் மாறும், கமா விதி மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. ஸ்ப்ரோக்ரோடெ என்ற அரசு மொழிக் கழகம் அந்த விதிகளை வெளியிட்டு விளக்கமும் சொல்கிறது. விதிகளை வரிசையாக ஒப்புவிப்பதைவிட, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக்கு மேல் தானாக வந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கமாவை மூச்சு விடும் இடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வாசிக்கும்போது கொஞ்சம் நிறுத்து, அதுதான் கமா. ஆங்கிலத்திலும் இந்தப் பழக்கம் ஓரளவு செல்லும், காது சொல்லும் இடத்தில் போட்டால் பெரும்பாலும் சரியாகவே வரும். நோர்வேஜிய மொழியில் காதை நம்பினால் ஏமாற்றம்தான். அங்கே கமா போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது வினைமுற்றை. ஒரு வினைமுற்றைச் சுற்றி இருக்கும் வாக்கியம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் கமா காட்டுகிறது.

மழையை வைத்துப் பார்ப்போம். "மழை பெய்தால் உள்ளேயே இருப்பேன்" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, "நோர் டெ ரைனர், ப்ளீர் யை இன்னெ." இன்னொன்று, "யை ப்ளீர் இன்னெ நோர் டெ ரைனர்." 'நோர் டெ ரைனர்' என்பது மழை பெய்யும்போது என்ற சார்பு வாக்கியம், வகுப்பில் லெட்செட்னிங் என்பார்கள். 'யை ப்ளீர் இன்னெ' என்பது நான் உள்ளே இருப்பேன் என்ற முதன்மை வாக்கியம். சார்பு வாக்கியம் முதலில் வந்தால் அதன் கடைசியில் கமா உண்டு. அதே சார்பு வாக்கியம் பின்னால் போனால் அதற்கு முன் கமா இல்லை, அது முடியும் இடத்தில் முற்றுப்புள்ளியே வந்துவிடுகிறது.

இங்கேதான் எண்ணம் இருக்கிறது. 'நோர்' (போது), 'அட்' (என்று), 'சொம்' (நம் பெயரெச்சத்தின் வேலையைச் செய்வது), 'விஸ்' (ஆல்), 'ஃபொர்டி' (ஏனென்றால்) போன்ற சொற்கள் சார்பு வாக்கியத்தின் தலையில் நிற்கின்றன. அந்தச் சொல்லைக் கண்டதும் ஒரு உள் வாக்கியம் தொடங்கிவிட்டது என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். தொடக்கத்துக்கு அடையாளமாகச் சொல்லே இருக்கும்போது கமா எதற்கு? ஆனால் அந்த உள் வாக்கியம் எங்கே முடிகிறது என்று சொல்ல எந்தச் சொல்லும் இல்லை. அந்த வேலையைத்தான் கமா செய்கிறது. நோர்வேஜியர்கள் முன்னால் போடாமல் பின்னால் போடுவது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு அது. எனக்குத் தெரிந்த ஐரோப்பியக் கமா முறைகளில் இதுவே சிக்கனமானது என்று நினைக்கிறேன்.

இப்போது தமிழைப் பாருங்கள். "மழை பெய்தால்" என்பதில் 'ஆல்' கடைசியில் நிற்கிறது. "அவன் வருவான் என்று", "நீ கேட்டபோது", "நான் போனதும்" எல்லாவற்றிலும் அப்படியே, உள் வாக்கியம் முடிந்தது என்பதை அதன் கடைசிச் சொல்லே சொல்லிவிடுகிறது. எனவே தமிழில் இந்த இடங்களில் கமா இலக்கணத் தேவையே இல்லை. போட்டால் அது வாசிப்பவருக்குச் செய்யும் உதவி, அவ்வளவுதான். ஓலைச்சுவடிகளில் நிறுத்தக்குறிகளே இல்லாமல் நம் மொழி இவ்வளவு காலம் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழில் எழுதும்போது நம் கைக்கு இந்த எல்லையைக் குறித்துக் காட்டும் பழக்கமே வந்திருக்காது. நோர்வேஜிய மொழியில் அந்த எல்லையில் கமா விடுபட்டுப் போவதற்கு இதுவே வேர்.

மிக அதிகமாக விடுபடும் இடம் 'சொம்' வாக்கியம். "மேசையில் இருக்கும் புத்தகம் என்னுடையது" என்பதை "பூக்கா சொம் லிகர் போ பூரெ, ஆர் மீன்" என்று எழுத வேண்டும். ஆங்கிலம் படித்தவருக்கு இது பெரிய இடறல். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் கமா போடாதே என்று ஆங்கில ஆசிரியர் அடித்துச் சொல்லியிருப்பார், அதனால் அந்த இடத்தில் கை போகாது. நோர்வேஜிய மொழியில் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் 'சொம்' தொடங்கிய உள் வாக்கியம் 'பூரெ' என்ற சொல்லோடு முடிந்துவிட்டது.

'சொம்' கண்ணுக்குத் தெரிந்தாலாவது பரவாயில்லை. பல நேரம் அதை விட்டுவிடுவார்கள். "நான் படித்த புத்தகம் நன்றாக இருந்தது" என்பது "பூக்கா யை லேஸ்டெ, வார் கூ." 'சொம்' மறைந்துவிட்டது, கமா மறையவில்லை. வாக்கியம் முழுவதும் ஐந்தே சொற்கள், மூச்சு வாங்க இடமே இல்லை, இருந்தும் நடுவில் கமா. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தாய்மொழிக்காரர்களே இந்தக் கமாவை விடுவதைச் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்க்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நோர்வேஜிய முதன்மை வாக்கியத்தில் வினைமுற்று இரண்டாவது இடத்தில் நிற்கும். முதல் இடத்தில் ஒரு சொல் இருக்கலாம், நீளமான சார்பு வாக்கியமும் இருக்கலாம், எதுவாக இருந்தாலும் அடுத்து வினைமுற்றுதான். ஆகவே முதன்மை வாக்கியத்தின் வினைமுற்றைத் தேடிப் பிடியுங்கள். அதற்குச் சற்று முன்னால், இன்னொரு வினைமுற்றைக் கொண்ட உள் வாக்கியம் முடிந்திருந்தால், அந்த வினைமுற்றுக்கு முன் கமா. 'ரைனர், ப்ளீர்.' 'லேஸ்டெ, வார்.' இரண்டு வினைமுற்றுகள் தோளோடு தோள் உரசி நின்றால், கிட்டத்தட்ட எப்போதும் நடுவில் ஒரு கமா தேவைப்படும். நோர்வேயில் எல்லோரும் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: "டென் சொம் வென்டர் போ நூயெ கொட், வென்டர் இக்கெ ஃபொர்யேவெஸ்." நல்லதற்காகக் காத்திருப்பவர் வீணாகக் காத்திருப்பதில்லை என்று பொருள். கமாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே வினைச்சொல், 'வென்டர்'. முதலாவது உள் வாக்கியத்துக்குச் சொந்தம், இரண்டாவது முதன்மை வாக்கியத்துக்கு.

வினைமுற்று இல்லையென்றால் கமாவும் இல்லை என்பது இதன் மறுபக்கம். "நோர்வேஜிய மொழி கற்க நீ நிறைய வாசிக்க வேண்டும்" என்பதற்கு "ஃபொர் ஓ லேரெ நொஷ்க் மோ டூ லேசெ மீயெ" என்று எழுதுவார்கள், ஒரு கமாவும் இல்லாமல். 'ஃபொர் ஓ லேரெ நொஷ்க்' என்ற பகுதியில் காலம் காட்டும் வினை இல்லை, எனவே அது வாக்கியமாகக் கணக்கில் வராது. ஆங்கிலத்தில் இங்கே கமா போடுவது வழக்கம், ஜெர்மனில் கட்டாயம்.

அடுத்தது 'இ மோர்ன்'. ஆங்கிலம் வழியாக நோர்வேஜிய மொழிக்கு வந்தவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. "நாளை நான் ஒஸ்லோவுக்குப் போகிறேன்" என்பது "இ மோர்ன் ரைசர் யை டில் ஒஸ்லோ." 'இ மோர்ன்' என்றால் நாளை. அதற்குப் பிறகு கமா கிடையாது. 'டெஸ்வேரெ' என்றால் துரதிர்ஷ்டவசமாக, அதற்குப் பிறகும் கிடையாது. எவ்வளவு நீளமான காலக் குறிப்பாக இருந்தாலும், "கடந்த ஆண்டு கோடை விடுமுறைக்குப் பிறகு" என்ற அளவுக்கு நீண்டாலும், அதற்குள் வினைமுற்று இல்லாவிட்டால் கமா வேண்டாம்.

இந்தக் கமாவால் இன்னொரு சேதமும் உண்டு. 'இ மோர்ன்' எழுதி, கமாவும் போட்டுவிட்டால், வாக்கியத்தைப் புதிதாகத் தொடங்குவதுபோல் கை எழுவாயை எழுதிவிடும்: "இ மோர்ன், யை ரைசர்." கமாத் தவறோடு சொல்வரிசைத் தவறும் சேர்ந்துகொள்ளும். நோர்வேஜியர் காதுக்குச் சொல்வரிசைத் தவறு உடனே உறுத்தும். கமாவைப் போடாமல் பழகினால் வினைமுற்று தன் இரண்டாவது இடத்துக்கு வர வழி கிடைக்கும். சொல்வரிசையில் தடுமாறும் ஒருவர் என்னிடம் கேட்டால், முதலில் இந்தக் கமாவை விடச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்.

இரண்டு முதன்மை வாக்கியங்களைச் சேர்க்கும்போது என்ன? "ஹன் கொம், ஓ ஹுன் யிக்." அவன் வந்தான், அவள் போனாள். 'ஓ' (மற்றும்), 'மென்' (ஆனால்), 'எல்லர்' (அல்லது), 'ஃபொர்' (ஏனென்றால்), 'ஸோ' (அதனால்) ஆகிய இணைப்புச் சொற்களுக்கு முன் கமா வரும், இரண்டு பக்கமும் தனித்தனி எழுவாயும் வினைமுற்றும் இருந்தால். மிகச் சிறிய, ஒட்டி நிற்கும் வாக்கியங்களில் அதை விட்டுவிடுவதையும் பார்க்கலாம், ஆனால் போட்டால் யாரும் தவறு சொல்லப் போவதில்லை. எழுவாயைத் திரும்பச் சொல்லாவிட்டால் கமா போய்விடும்: "ஹன் யிக் யெம் ஓ லா ஸை." அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்தான். நாம் 'போய்' என்ற வினையெச்சத்தில் முடிக்கும் இடத்தில் அவர்கள் எழுவாய் இல்லாத 'ஓ' போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

'மென்' மட்டும் தனிப் பிறவி. 'ஆனால்' என்று பொருள் தரும் அந்தச் சொல், முழு வாக்கியம் பின்னால் வராவிட்டாலும் முன்னால் கமா கேட்கும். "லீடன், மென் கூ." சிறியது, ஆனால் நல்லது.

இந்த இடத்தில் ஜெர்மனைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் இடம் மாறித் தெரியும். "நீ வருவாய் என்று எனக்குத் தெரியும்" என்பதை ஜெர்மனில் எழுதினால் "இஷ் வைஸ்" முடிந்ததும் கமா, பிறகுதான் "தாஸ் டு கொம்ஸ்ட்." நோர்வேஜிய மொழியில் "யை வேட் அட் டூ கொம்மர்," கமா இல்லை. "அவன் வந்தான், அவள் போனாள்" என்பதில் ஜெர்மானியர்கள் 'உண்ட்' என்ற சொல்லுக்கு முன் கமாவை விட்டுவிடலாம். 1996-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அங்கும் அது கட்டாயமாகத்தான் இருந்தது. நோர்வேஜிய மொழியில் அந்தக் கமா இன்றும் விதி. ஒருவர் போடச் சொல்லும் இடத்தில் மற்றவர் எடுக்கச் சொல்கிறார், அதுவும் இவ்வளவு நெருங்கிய உறவுள்ள இரண்டு மொழிகளில்.

'அட்' என்பதற்கு நிகரான சொல்லுக்கு முன் கமா போடும் பழக்கம் ஜெர்மனில் மட்டும் இல்லை. போலிஷ், ரஷ்யன், பின்னிஷ் மூன்றிலும் உண்டு. நோர்வேயில் இருக்கும் குடியேறிகளில் போலந்துக்காரர்கள்தான் அதிகம், எனவே மொழி வகுப்புகளில் 'அட்'டுக்கு முன் விழும் கமாவுக்குப் பஞ்சமே இருக்காது. தமிழர்கள் பெரும்பாலும் அதைப் போடுவதில்லை, நாம் போடுவது 'இ மோர்ன்' கமாவை. ஒருவர் எழுதிய பக்கத்தைப் பார்த்து அவர் முதலில் எந்த மொழியில் எழுதப் பழகினார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

நோர்வேஜியர்களும் ஒரு காலத்தில் 'அட்'டுக்கு முன் கமா போட்டவர்கள்தான். 1814 வரை நோர்வே டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது, எழுத்து மொழி டேனிஷ். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அச்சு உலகத்தின் மையம் கோபன்ஹேகன்தான். ஹென்ரிக் இப்சனின் நாடகங்களே 1866 முதல் அங்கிருந்துதான் வெளிவந்தன. அந்தக் காலத்துப் பக்கங்களில் ஒவ்வொரு சார்பு வாக்கியத்துக்கும் முன்னால் கமா நிற்பதைப் பார்க்கலாம். பிறகு நோர்வேஜியர்கள் முன் கமாவைக் கைவிட்டார்கள், பின் கமாவை வைத்துக்கொண்டார்கள். டென்மார்க்கில் அந்த விவாதம் நெடுங்காலம் ஓடியது. 1996-இல் பழைய முறைக்குப் பக்கத்தில் ஒரு புதிய முறையையும் அனுமதித்தார்கள். 2004-இல் இரண்டையும் ஒரே விதியாக்கி, முன் கமாவை எழுதுபவரின் விருப்பத்துக்கு விட்டார்கள். ஒரே நிபந்தனை, போட்டால் முழுக்கப் போட வேண்டும், விட்டால் முழுக்க விட வேண்டும். டேனிஷ் மொழிக் குழு பரிந்துரைப்பது விடுவதையே. அப்படி விட்டு எழுதிய டேனிஷ் பக்கமும் நோர்வேஜியப் பக்கமும் கமாவில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆனாலும் முன் கமாவை விட மனமில்லாத டேனிஷ்காரர்கள் இன்றும் ஏராளம்.

ஸ்வீடன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். வாக்கிய எல்லையைப் பார்த்துப் போடும் பழைய முறையைத் தளர்த்தி, குழப்பம் வரும் இடத்தில் போட்டால் போதும் என்றார்கள். தெரிந்தவர் கையில் அது அழகு. புதிதாகக் கற்பவருக்கு நோர்வேஜிய முறையே நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் அதைக் காது பழகாமலே கற்றுக்கொள்ளலாம்.

விதி எவ்வளவு ஆழமாக இலக்கணத்தோடு பின்னியிருக்கிறது என்று காட்ட ஒரு ஜோடியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். "எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் வீட்டில் இருந்தேன்" என்று சொல்ல வேண்டும். நோர்வேஜிய மொழியில் காரணம் சொல்ல 'ஃபொர்', 'ஃபொர்டி' என்று இரண்டு சொற்கள்:

"யை ப்ளே யெம்மெ, ஃபொர் யை வார் இக்கெ ஃப்ரிஸ்க்."

"யை ப்ளே யெம்மெ ஃபொர்டி யை இக்கெ வார் ஃப்ரிஸ்க்."

பொருள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 'ஃபொர்' இரண்டு முதன்மை வாக்கியங்களைச் சேர்க்கும் சொல், அதனால் முன்னால் கமா. 'ஃபொர்டி' சார்பு வாக்கியத்தைத் தொடங்கும் சொல், அதனால் கமா இல்லை. இப்போது 'இல்லை' என்று பொருள் தரும் 'இக்கெ'யைக் கவனியுங்கள். முதல் வாக்கியத்தில் அது வினைமுற்றுக்குப் பின்னால் நிற்கிறது: 'வார் இக்கெ'. இரண்டாவதில் முன்னால் வந்துவிட்டது: 'இக்கெ வார்'. நோர்வேஜிய மொழியில் முதன்மை வாக்கியத்தில் 'இக்கெ' வினைமுற்றுக்குப் பின்னும் சார்பு வாக்கியத்தில் முன்னும் வரும். கமாவும் 'இக்கெ'யும் ஒரே வேறுபாட்டைத்தான் இரண்டு விதமாகக் காட்டுகின்றன. ஒரு வாக்கியம் முதன்மையா சார்பா என்று சந்தேகம் வந்தால், அதில் ஒரு 'இக்கெ'யைச் செருகிப் பாருங்கள். எங்கே போய் உட்காருகிறது என்பதிலிருந்து கமா வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். 'ஸோ' என்ற சொல்லிலும் இந்தச் சோதனை கைகொடுக்கும், அது சில இடங்களில் 'அதனால்', சில இடங்களில் 'என்பதற்காக'.

பொருளையே மாற்றும் கமாக்களும் உண்டு. "ப்ரூரன் மீன், சொம் பூர் இ பேர்கன், கொம்மர் இ மோர்ன்" என்று இரண்டு பக்கமும் கமா போட்டால், எனக்கு ஒரே சகோதரன், அவன் பேர்கனில் இருக்கிறான், நாளை வருகிறான். முதல் கமாவை எடுத்துவிட்டு "ப்ரூரன் மீன் சொம் பூர் இ பேர்கன், கொம்மர் இ மோர்ன்" என்றால், எனக்குச் சகோதரர்கள் பலர், அவர்களில் பேர்கனில் இருப்பவன் நாளை வருகிறான். ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது, ஆனால் அங்கே பல சகோதரர்கள் என்றால் இரண்டு கமாவையும் எடுத்துவிடுவார்கள். நோர்வேஜிய மொழியில் பின் கமா இரண்டு பொருளிலும் நிற்கும், பொருளை மாற்றுவது முன் கமா மட்டும்தான். தமிழில் 'பேர்கனில் இருக்கும் என் தம்பி' என்று எழுதினால் ஒரு தம்பியா பல தம்பிகளா என்பது தெரியாது, தேவைப்பட்டால் வேறு சொல் சேர்த்துத்தான் விளக்க வேண்டும்.

நோர்வேயில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாக்கியம் இருக்கிறது: "ஹெங் ஹம் இக்கெ வென்ட் டில் யை கொம்மர்." 'இக்கெ'க்கு முன் கமா போட்டால், அவனைத் தூக்கில் போடு, நான் வரும்வரை காத்திருக்காதே. பின் போட்டால், அவனைத் தூக்கில் போடாதே, நான் வரும்வரை காத்திரு. ஆசிரியர்கள் கமாவின் முக்கியத்துவத்துக்கு இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு 'பூக்கா யை லேஸ்டெ' வாக்கியமே அதைவிட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் தினமும் எழுதுவது அந்த மாதிரி வாக்கியங்களைத்தான்.

இனி வாக்கிய நடை. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் கமாவைப் பற்றிப் பேசி நடையை விட்டுவிட முடியாது. தமிழில் நாம் காரணத்தையும் நிபந்தனையையும் அடைமொழியையும் முன்னால் அடுக்கி, கடைசியில் வினைமுற்றை வைக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு நோர்வேஜிய மொழிக்குப் போனால் எல்லாச் சார்பு வாக்கியங்களும் தலைப்பக்கம் வந்து நிற்கும். ஒரு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "மார்ச்சில் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறேன்" என்று மனதில் ஓடும். அதை அப்படியே இறக்கினால்:

"ஸீடன் யை இக்கெ ஹார் ஃபோட் ஸ்வார் போ ஸொக்னாடன் யை ஸென்ட்டெ இ மாஷ், ஸ்க்ரீவர் யை டில் டேரெ இயென்."

இலக்கணம் சரி, கமாவும் சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் நோர்வேஜியர் ஒருவர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்:

"யை ஸ்க்ரீவர் டில் டேரெ இயென் ஃபொர்டி யை இக்கெ ஹார் ஃபோட் ஸ்வார் போ ஸொக்னாடன் யை ஸென்ட்டெ இ மாஷ்."

மீண்டும் எழுதுகிறேன் என்பது முதலில், காரணம் பின்னால். ஒரு கமாவும் இல்லை. நோர்வேஜிய நடை வாக்கியத்தின் தலையை இலேசாக வைத்து, கனத்தை வால் பக்கம் தள்ளும். சார்பு வாக்கியம் வாலில் இருந்தால் அதன் முடிவுக்கு முற்றுப்புள்ளியே காவல் நிற்கும், கமா தேவைப்படாது. உங்கள் பக்கத்தில் கமா நிறைய விடுபடுகிறது என்றால் விதியை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை வாக்கியங்களைச் சார்பு வாக்கியத்தில் தொடங்கியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். பாதியைத் திருப்பிப் போட்டால் கமாச் சிக்கல் பாதியாகும், நடையும் உள்ளூர் நடைபோல் ஆகும்.

அரசுக் கடிதங்களே முன்பு இதற்கு நேர்மாறாக இருந்தன. நீளமான பெயர்ச்சொற்கள், உள்ளுக்குள் உள்ளாகச் செருகிய சார்பு வாக்கியங்கள், டேனிஷ் காலத்து அலுவலக நடையின் மிச்சம். அதை மாற்ற 'க்ளார்ஸ்ப்ரோக்' என்ற தெளிவான மொழி இயக்கம் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மொழிச் சட்டம், அரசு அமைப்புகள் படிப்பவருக்கு ஏற்ற, தெளிவான, பிழையற்ற மொழியில் எழுத வேண்டும் என்று கடமையாகவே வைக்கிறது. இப்போது நலத்துறையிலிருந்தோ வரி அலுவலகத்திலிருந்தோ கடிதம் வந்தால், வாக்கியம் எப்படித் தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருமுறை கவனியுங்கள். நடை கற்க அதைவிட நல்ல மாதிரி கிடைப்பது கடினம்.

இலக்கியத்தில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 2023-இல் இலக்கிய நோபல் பெற்ற யூன் ஃபொஸ்ஸெ நீநொஷ்க்கில் எழுதுபவர். ஏழு பகுதிகளாக அவர் எழுதிய பெரிய நாவலில் முற்றுப்புள்ளியே கிடையாது, கமாக்களிலேயே முழுக் கதையும் ஓடுகிறது. அங்கே கமா மீண்டும் மூச்சாகிவிடுகிறது. அவரை வாசியுங்கள், ஆனால் அவரைப் பார்த்துத் தேர்வில் எழுத வேண்டாம். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிக்கொண்டே போவதை வகுப்பில் தவறாகத்தான் எடுப்பார்கள், முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள்.

சில சில்லறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் கடைசிப் பொருளுக்கு முன் கமா இல்லை: "எப்லர், பேரர் ஓ பனானர்." வணக்கம் சொல்லிப் பெயர் சொல்லும்போது நடுவில் கமா வேண்டும், 'ஹை, காரி', பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கடிதத்தின் முடிவில் 'மே வென்லி ஹில்சன்' எழுதிய பிறகு கமா போடாதீர்கள், அது ஆங்கிலப் பழக்கம். யாராவது சொன்னதை மேற்கோளில் எழுதும்போது, மேற்கோள் குறியை மூடிய பிறகு கமா, அப்புறம் 'ஸா ஹுன்', அதாவது 'என்றாள்'.

எண்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அங்கே தசமத்துக்குப் புள்ளி இல்லை, கமா. இரண்டரை என்பது 2,5. கடையில் ஒரு பொருளின் விலை 49,90 என்று எழுதியிருக்கும். ஆயிரத்தைப் பிரிக்கக் கமா போடக் கூடாது, இடைவெளி விட வேண்டும். லட்சத்தை 1,00,000 என்று எழுதிப் பழகிய கை 100 000 என்று எழுதப் பழக வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலோ மருந்து அளவிலோ இதைத் தவறாக எழுதினால் வாக்கியக் கமாவைப்போல் ஆசிரியர் திருத்தித் தரமாட்டார்.

உங்கள் ஆசிரியர் திருத்திய தாள்கள் கையில் இருந்தால், சிவப்புக் கமாக்களை மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள்: முதலில் வந்த சார்பு வாக்கியத்துக்குப் பின் போட்டவை, 'சொம்' வாக்கியத்துக்குப் பின் போட்டவை, எழுவாய் உள்ள 'ஓ'வுக்கு முன் போட்டவை. அடித்த கமாக்களில் பெரும்பாலானவை 'இ மோர்ன்' மாதிரித் தொடக்கத்துக்குப் பின் போட்டவையாக இருக்கும். எந்தக் குவியல் பெரிதோ அதை மட்டும் ஒரு மாதம் கவனியுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். எழுதி முடித்ததும் வினைமுற்றுகளுக்கு அடிக்கோடு போட்டு, அவற்றுக்கு இடையே உள்ளதை மட்டும் ஒருமுறை பார்த்தால் போதும்.